பேரனின் கம்ப்யூட்டரும் என் பழைய கடனும்

 

தீபாவளி சமயத்தில் நானும் பேரனும் தரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பாகங்களைப் பரப்பி வைத்திருந்த படத்தை என் மகள் போட்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டீர்கள். "சார், நீங்களா? கேமிங் கம்ப்யூட்டரா?" என்று கிண்டலாகக் கேட்டவர்கள் பாதி. "என் பையனும் உயிரை எடுக்கிறான் சார், என்ன வாங்கலாம்?" என்று உண்மையாகவே கேட்டவர்கள் பாதி. தனித்தனியாகப் பதில் எழுத என் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். உங்களிடம் பல வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயமும் கடைசியில் இருக்கிறது. அதற்காகவாவது முழுவதும் படியுங்கள்.

பேரன் பிளஸ் ஒன் படிக்கிறான். போன ஆவணியில் ஒருநாள் சாயங்காலம் ஒரு தாளை என்னிடம் நீட்டினான். ஏதோ வீடியோவைப் பார்த்து எழுதிய பாகங்களின் பட்டியல். மொத்தம் 1,05,000 ரூபாய். அவன் கையில் இருந்தது ஐந்தாறு வருஷப் பொங்கல்படியைச் சேர்த்து வைத்த 22,000.

மகள் அடுப்படியில் இருந்தே குரல் கொடுத்தாள். "அப்பா, வெளையாடுததுக்கு ஒரு லட்சமா? நீங்களும் உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கீங்களே!"

அவள் பயம் வேறு. கேமிங் என்றாலே அவளுக்கு ஆன்லைன் ரம்மிதான் ஞாபகத்துக்கு வரும். அதில் பணத்தை விட்டவர்களின் கதைகளைக் கேட்டவள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே போட்டுவிட்டது, இவன் கேட்பது அது இல்லை, பணம் வைக்காமல் ஆடும் விளையாட்டு என்று விளக்கினேன். அவன் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் முப்பரிமாண உருவங்கள் செய்யப் பழகிக்கொண்டிருந்தான். அதற்கும் இதே மெஷின்தான் வேண்டும் என்றான். கடைசியில் மகள் மூன்று நிபந்தனை போட்டாள். கம்ப்யூட்டர் பட்டாசாலையில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான். பரீட்சை சமயத்தில் அதுவும் கிடையாது. ஒப்புக்கொண்டான். சீட்டு எடுத்த பணத்தில் 40,000 தந்தாள். என் பென்ஷனில் இருந்து 28,000. ஆக 90,000. அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.

ஆனால் நான் ஒரு நிபந்தனை சேர்த்தேன். "ஏல, இது நீ காலேஜ் முடிக்கிற வரைக்கும் ஓடணும். ஆறு வருஷம். வருஷத்துக்குப் பதினஞ்சாயிரம்னு கணக்கு வச்சுக்கோ."

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் இயற்பியல் வாத்தியாருக்குக் கேள்வி கேட்கத் தெரியும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாகத்தின் மேலும் இரண்டே கேள்விகள் கேட்கச் சொன்னேன். ஒன்று, இது பழசானால் இதை மட்டும் தனியாக மாற்ற முடியுமா? இரண்டு, இது கெட்டுப்போனால் வேறு எதையெல்லாம் கூட்டிக்கொண்டு போகும்? சென்னையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் இரவு இரவாகப் போனில் பொறுமையாக விளக்கினார். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். படிக்கும்போது தானாகச் சிரித்துக்கொள்வார்.

முதலில் மதர்போர்டு. அது வீட்டு மனை மாதிரி. மேலே கட்டியதை இடித்துக் கட்டலாம், மனையை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதில் பிராசசர் உட்காரும் குழிக்கு சாக்கெட் என்று பெயர். பேரனின் பட்டியலில் இருந்தது இன்டெல்லின் 14ஆம் தலைமுறை பிராசசர். 12, 13, 14 மூன்று தலைமுறைக்கும் ஒரே சாக்கெட். 2024இல் வந்த அடுத்த பிராசசர்களுக்கு அது பொருந்தாது. செங்கோட்டையோடு நின்றுவிடும் பஸ்ஸில் கொல்லத்துக்கு டிக்கெட் எடுத்த கதை. இன்னொரு பக்கம் ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்4 என்ற சாக்கெட். 2017இல் முதல் ரைசன் பிராசசர்கள் அதில்தான் வந்தன. 2024இல் கூட அதே சாக்கெட்டுக்குப் புதுப் பிராசசர் விட்டார்கள். அன்றைக்கு வாங்கியவர்களில் பலர் போர்டை மாற்றாமல், பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டுப் புதுப் பிராசசரைப் பொருத்திக்கொண்டார்கள். இப்போதைய சாக்கெட் ஏஎம்5. 2022இல் வந்தது. 2027 வரையாவது இதற்குத் துணை நிற்போம் என்று அந்தக் கம்பெனி சொல்லியிருக்கிறது. ஆகவே ஏஎம்5 போர்டு ஒன்று, 12,000.

பிராசசர் ரைசன் 5 7600. ஆறு கோர், 17,000. "இன்டெல்ல கோர் அதிகம் தாத்தா" என்று பேரன் முரண்டு பிடித்தான். விளையாட்டுக்கு ஆறு நல்ல கோர் இன்றைக்குப் போதும், நாலு வருஷம் கழித்துப் போதாவிட்டால் அதே குழியில் வேறொன்றைப் போடலாம் என்றார் நம் மாணவர். இதிலேயே விலை குறைந்த வகை ஒன்றும் இருக்கிறது. ஆனால் அதில் படம் காட்டும் வசதி உள்ளே கிடையாது. 7600இல் சிறிய அளவில் உண்டு. நாளைக்குக் கிராபிக்ஸ் கார்டு கெட்டு வாரண்டிக்கு அனுப்பினால், அது திரும்பி வரும் வரை மெஷின் இருட்டாகக் கிடக்காது, பாடம் படிக்கவாவது ஓடும். நீண்ட நாள் ஓட்ட நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கூடவே ஒரு மின்விசிறியும் பெட்டிக்குள்ளேயே வருகிறது. பட்டியலில் இருந்த வண்ண விளக்குத் தண்ணீர்க் கூலரை அடித்துவிட்டோம். 65 வாட் பிராசசருக்குத் தண்ணீர் பம்பு எதற்கு?

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டு மெஷினில் பெரிய செலவு இதுதான். பட்டியலில் 8 ஜிபி கார்டு இருந்தது. இந்த ஜிபி என்பது சமையல் மேடை மாதிரி. மேடையில் இடம் இருந்தால் எல்லாச் சாமானையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளலாம். இடம் போதாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் அரங்குவீட்டுக்கு ஓட வேண்டும். அடுப்பு எவ்வளவு வேகமாக எரிந்தாலும் பயனில்லை. புது விளையாட்டுகள் சிலவற்றுக்கு 8 ஜிபி இப்போதே இடிக்கிறது. இதற்கு ஒரு பழைய பாடமும் உண்டு. 2016இல் என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 என்ற கார்டை 6 ஜிபியிலும் 3 ஜிபியிலும் விட்டது. பெயர் ஒன்று. 6 ஜிபி வாங்கியவர்கள் பல வருஷம் ஓட்டினார்கள். 3 ஜிபி வாங்கியவர்கள் சீக்கிரமே திணறினார்கள். இப்போதும் அதே கதைதான். 2025 ஜூனில் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் ஒரே பெயரில் விற்கிறது. வாங்கும்போது அட்டைப்பெட்டியில் எண்ணைப் பாருங்கள். நாங்கள் 16 ஜிபி எடுத்தோம், 36,000. மொத்தப் பணத்தில் நூற்றுக்கு நாற்பது இதற்கே போயிற்று. என் மகள் இந்த வரியை இங்கேதான் முதன்முதலில் படிப்பாள்.

இப்போது எஸ்.எம்.பி.எஸ். வீட்டு மின்சாரத்தை வாங்கி, 12 வோல்ட், 5 வோல்ட் என்று பிரித்து எல்லாப் பாகத்துக்கும் கொடுக்கும் இரும்புப் பெட்டி. பட்டியலில் '750 வாட், 1,800 ரூபாய்' என்று இருந்தது.

"இது என்ன கம்பெனில?"

"அது கேபினெட்டோட சேத்துத் தருவாங்களாம் தாத்தா. பவர் குடுக்குறதுதானே, எதுவா இருந்தா என்ன?"

அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. பேரன் பயந்துவிட்டான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கு. கார்டுக்கு 160 வாட். பிராசசர் முழு வேகத்தில் ஓடினால் 90க்குச் சற்றுக் குறைவு. மற்ற எல்லாவற்றுக்கும் 50 வைத்துக்கொள்ளுங்கள். ஆக 300 வாட். அதற்கு 750 எதற்கு? பேர் தெரியாத பெட்டியில் எழுதியிருக்கும் 750ஐ விட, நல்ல பெட்டியில் உள்ள 550 மேல். 80 பிளஸ் என்ற முத்திரை இருந்தால், பாரம் குறைவாக இருந்தாலும் நிறைவாக இருந்தாலும் உள்ளே போகிற மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பதாவது வேலைக்குப் போகிறது என்று சோதித்திருக்கிறார்கள். மீதிதான் சூடு. ஆனால் அந்த முத்திரை சிக்கனத்துக்கு மட்டும்தான். மின்சாரம் எகிறினால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்புகள் இருக்கின்றனவா, எத்தனை வருஷ வாரண்டி என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஐந்து வருஷ வாரண்டி உள்ள 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ், 5,000 ரூபாய். என் இரண்டாவது கேள்வியை நினைத்துப் பாருங்கள். இது ஒன்று போனால் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகும்.

ரேம் விஷயத்தில் நான் தோற்றேன். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும் அல்லவா? பேரன் 32 ஜிபி கேட்டான். நான் 16 போதும் என்றேன், 5,000 ரூபாய். "ரேம் விலை எப்பவும் எறங்கத்தான்ல செய்யும். அடுத்த வருஷம் பாதி விலைக்கு வாங்கலாம்" என்று பெரிய மனுஷத் தோரணையில் சொன்னேன். ஏஐக்காக உலகம் முழுவதும் கட்டும் டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, நம்மைப் போன்றவர்களுக்கு விற்று வந்த க்ருஷியல் என்ற பிராண்டையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. பொங்கலுக்கு அதே ரேமை விசாரித்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு சொல்கிறார்கள். பேரன் ஒன்றும் சொல்லவில்லை. விலையைப் போனில் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனான். இரண்டு 8 ஜிபியாகப் போட்டது மட்டும் சரி. ஜோடியாகப் போட்டால் இரண்டு பாதையிலும் தகவல் ஓடும், வேகம் கூடும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1 டெராபைட் எஸ்.எஸ்.டி. 5,500. போர்டில் இன்னொன்று சொருக இடம் இருக்கிறது. கேபினெட் 3,500, முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் வலை வைத்தது. ஆனி, ஆடிக் காற்றில் நம் ஊர்த் தூசி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றும் போக வேண்டும், தூசியும் நிற்க வேண்டும். கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். மானிட்டர் இவன் மாமா வீட்டில் சும்மா கிடந்தது.

பாகங்களை விட முக்கியமான ஒன்றை எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. அது வீட்டு வயரிங். எங்கள் வீடு பழைய வீடு. பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதில் ஒன்றும் இருக்காது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "சார், எர்த்தே இல்ல. இதுல எதைச் சொருகினாலும் தொட்டா விர்ருன்னு இழுக்கும்" என்றார். வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கினோம். நாற்பது வருஷம் மின்னியல் பாடம் நடத்தியவன் வீட்டில் எர்த் இல்லை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் வீட்டையும் பாருங்கள்.

அடுத்து யூ.பி.எஸ். 600 விஏ என்று போட்டிருப்பதை 600 வாட் என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றில் பலவும் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரையும் சேர்த்தால் எங்களுக்கு அது நெருக்கடி. 1,000 விஏக்கு மேல் ஒன்றைத் தென்காசியிலேயே வாங்கினோம், 6,000. பேட்டரி மாற்றப் பக்கத்தில் ஆள் வேண்டும். எல்லாம் கூட்டிப் பாருங்கள், சரியாக 90,000 வரும்.

கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: 300 வாட், இரண்டு மணி நேரம், 0.6 யூனிட். இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். இது விளையாடும் நேரக் கணக்கு. படிக்கும்போது இதில் ஒரு பங்குதான் இழுக்கும்.

பாகங்களை நம் மாணவர் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, ஜி.எஸ்.டி. பில்லோடு தீபாவளிக்குப் பொதிகையில் கொண்டுவந்தார். சங்கரன்கோவில் ஸ்டேஷனில் நானும் பேரனும் காத்திருந்தோம். அவர் பலகாரப் பையைத் தோளில் தொங்கவிட்டு, அட்டைப்பெட்டிகளைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். பில்களையும் பெட்டிகளில் உள்ள சீரியல் நம்பர்களையும் அன்றே போட்டோ எடுத்து வைத்தோம். வாரண்டி என்பது பில்லில்தான் இருக்கிறது.

மறுநாள் பேரன் பொருத்தினான். நான் டார்ச் பிடித்தேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். பேரன் முகம் வெளுத்துவிட்டது. நான் என்னை அறியாமல் மூக்கை உறிஞ்சிக் கருகிய வாடை வருகிறதா என்று பார்த்தேன். நம் மாணவருக்குப் போன் போட்டோம். "சார், தொடாதீங்க. புது ரேமை முதல் தடவை பழகிக்கிட்டு இருக்கு. பத்து நிமிஷம் விட்டுருங்க" என்றார். சொன்னபடியே நாலைந்து நிமிஷத்தில் திரை வெளிச்சமானது. ஏஎம்5 போர்டு பொருத்துகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிமிஷத்தில் பதறி அணைத்துவிடாதீர்கள். இன்னொரு கூத்து: முதல் விளையாட்டு நத்தை மாதிரி நகர்ந்தது. பார்த்தால், மானிட்டர் வயரைக் கிராபிக்ஸ் கார்டில் சொருகாமல் போர்டில் சொருகியிருந்தான். 36,000 ரூபாய்க் கார்டு சும்மா உட்கார்ந்திருந்தது.

இனி அந்த விஷயம்.

2008 ஐப்பசி. அப்போது என்னிடம் ஓர் அசெம்பிள் கம்ப்யூட்டர் இருந்தது. வாங்கும்போது கடைக்காரர் இரண்டு எஸ்.எம்.பி.எஸ். காட்டினார். ஒன்று 600 ரூபாய், ஒன்று 1,400. "பவர் குடுக்குறதுதானே, எதுவா இருந்தா என்ன?" என்று சொல்லி 600ஐ எடுத்தது நான்தான். பேரன் சொன்ன அதே வார்த்தை. ஒருநாள் ராத்திரி இடியும் மழையும். கரண்ட் போய் வந்தது. 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. போர்டும் போயிற்று, ஹார்ட் டிஸ்க்கும் போயிற்று.

அந்த டிஸ்க்கில்தான் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோக்கள் இருந்தன. 1986இல் இருந்து 2007 வரை, எல்லா செட்டும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தது. வேறு எங்கும் பிரதி எடுக்கவில்லை. அசல் படங்கள்? பரணில் ஒழுகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அந்த வருஷம் வெள்ளையடிக்கும்போது, 'கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே' என்று நானே தூக்கிப் போட்டிருந்தேன்.

உங்களில் எத்தனையோ பேர் உங்கள் செட் போட்டோ கேட்டீர்கள். வெள்ளி விழாக் கூட்டம் நடத்திய ஒரு செட்டுக்காரர்கள் வீடு தேடியே வந்தீர்கள். கரையான் அரித்துவிட்டது என்றேன். பொய். எண்ணூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்த்த உங்கள் வாத்தியார்தான் அரித்தார். அந்தக் கூட்டத்தில் கேட்ட பையன்களில் ஒருவன் இப்போது இல்லை. அவன் கேட்டபோது நான் உண்மையைச் சொல்லியிருந்தால், வேறு யாரிடமாவது தேடி அவன் கையில் ஒரு பிரதி சேர்ந்திருக்கும்.

இதைப் போன மாதம் பேரனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அதான் அன்னைக்கு அப்படிக் கோபப்பட்டீங்களா? அவங்க வீட்டுல எல்லாம் ஆளுக்கொரு போட்டோ இருக்கும்லா தாத்தா. கேட்டுத்தான் பாருங்களேன்" என்றான்.

அதனால் கேட்கிறேன். உங்கள் செட் குரூப் போட்டோ உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். கண்ணாடிச் சட்டத்தில் இருந்து வெளியே எடுத்து, பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், நேர் மேலே நின்று எடுங்கள். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள், அப்போதுதான் முகங்கள் கலையாமல் வரும். பேரன் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருக்கிறான். இந்தத் தடவை ஒரு பிரதி மெஷினில், ஒரு பிரதி பீரோவில் இருக்கும் தனி ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று வேறு ஊரில் மகன் வீட்டில் இருக்கும். எந்த இடியும் மூன்றையும் சேர்த்து எடுக்க முடியாது.

பின்பக்கத்தில் பெயர்கள் எழுதியிருந்தால் அதையும் எடுத்து அனுப்புங்கள். நிற்பவர்கள், அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம். முகங்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. சில பெயர்கள்தான் நழுவுகின்றன.

அன்புடன்,
உங்கள் சார்,
புளியங்குடி